சனிக்கிழமை ஒரு நாள் கதவைத் திறந்து விடுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் போடியில ஏலக்கா கடையில கணக்கு எழுதுறவன். என் பொண்ணு அரசுப் பள்ளியில பிளஸ் ஒன், தமிழ் மீடியம். போன மார்ச்ல ஒரு சனிக்கிழமை அவங்க பிசிக்ஸ் டீச்சர் பதினாலு பிள்ளைகளை ஒரு யூனிவர்சிட்டிக்கு கூட்டிட்டுப் போனாங்க, துணைக்கு ஆள் வேணும்னாங்க, நானும் பஸ் ஏறிட்டேன். துகள் இயற்பியல் மாஸ்டர் கிளாஸாம், அதாவது அணுவை விடச் சின்ன துகள்களைப் பத்தி ஒரு நாள் செய்முறைப் பயிற்சி. 2005லேர்ந்து வருஷா வருஷம் பல நாட்டு யூனிவர்சிட்டிகள்ல நடக்குது, பத்தாயிரம் பிள்ளைங்களுக்கு மேல கலந்துக்கிறாங்கன்னு அங்க சொல்லித்தான் தெரியும்.

ஜெனிவா பக்கத்துல செர்ன்ங்கிற ஆய்வுக்கூடத்துல பூமிக்கடியில 27 கிலோமீட்டர் சுத்தளவுல ஒரு சுரங்கம், அதுல புரோட்டானை புரோட்டானோட மோத விட்டு என்னென்ன தெறிக்குதுன்னு, மோதுற இடத்தைச் சுத்தி அடுக்கடுக்கா வச்ச கருவியில பதிவு பண்றாங்க. அந்த நிஜ டேட்டாவையே பிள்ளைங்க முன்னாடி கம்ப்யூட்டர்ல திறந்து வச்சு, இது என்னன்னு நீங்களே பாத்து சொல்லுங்கன்னு விட்டுட்டாங்க. எலக்ட்ரான் தடம் போட்டுட்டு வந்து உள் அடுக்குலயே நின்னுடும், போட்டானும், அதாவது ஒளித்துகளும், அங்கதான் நிக்கும் ஆனா தடம் இருக்காது, மியூவான்னு எலக்ட்ரான் மாதிரியே ஆனா கனமான துகள் ஒண்ணு, அது எல்லா அடுக்கையும் தாண்டி வெளி ஓரம் வரைக்கும் போகும். ஒரு படத்தை வச்சுக்கிட்டு என் பொண்ணு எலக்ட்ரான்ங்கிறா, பக்கத்துல இருந்த பையன் போட்டான்ங்கிறான், கால் மணி நேரம் ரெண்டு பேரும் விடல. மார்க்குக்காக இல்லாம ஒரு விஷயத்துக்காக அவ அப்படி வாதாடி நான் பாத்ததே இல்ல சார்.

மத்தியானம் எல்லாரோட கணக்கையும் ஒரே கிராஃப்ல சேத்தாங்க. ஒவ்வொரு மியூவான் ஜோடியும் எவ்வளவு கனமான துகள் உடைஞ்சு வந்திருக்கும்னு கணக்குப் போட்டுக் குறிச்சா, 91 ஜிஇவி (துகளோட கனத்தைச் சொல்ற அலகு) கிட்ட ஒரு மேடு எழும்பி நிக்குது, அதான் இசட் போசான்ங்கிற துகள், புரோட்டானை விட கிட்டத்தட்ட 97 மடங்கு கனம். தனித்தனி படத்துல ஒண்ணும் தெரியாது, எல்லாம் சேந்தாத்தான் அந்த மேடு வரும். அது தெரிஞ்சப்ப பிள்ளைங்க கத்துன கத்து!

அப்புறம் நியூட்ரினோ, எதையும் அநேகமா தொடாமலே கடந்து போற ஒரு குட்டித் துகள். அது எந்த அடுக்குலயும் தடமே விடாது, மத்த துகள்களோட உந்தத்தையெல்லாம் கூட்டிப் பாத்து கணக்கு ஒரு பக்கம் இடிச்சா அங்க ஒண்ணு போயிருக்குன்னு கண்டுபிடிக்கிறாங்க. கணக்கு எழுதுற எனக்கு அது சட்டுனு புரிஞ்சுது, மனசுக்குள்ள என்னமோ பண்ணுச்சு, ஏன்னா எங்க ஊரு பக்கத்துல பொட்டிபுரத்துல நியூட்ரினோ ஆய்வகம் வரணுமா வேணாமான்னு வருஷக்கணக்கா பேசுனோம், நியூட்ரினோன்னா என்னன்னு இப்படி உக்கார வச்சு எங்களுக்கு யாரும் காட்டல. மலையைக் குடையறது, தண்ணி இதெல்லாம் மக்கள் கேக்க வேண்டிய கேள்விதான், அதைத் தப்புன்னு சொல்லல. ஆனா ஆதரிக்கிறவங்களும் எதிர்க்கிறவங்களும் விஷயம் தெரிஞ்சு பேசணும்ல.

ஒரே ஒரு வருத்தம். காலையில நடந்த பாடம் பூரா இங்கிலீஷ், பிள்ளைங்க முகமே செத்துப் போச்சு. ஆராய்ச்சி பண்ற ஒரு தங்கச்சி வந்து தமிழ்ல, போர்டுல படம் போட்டு இருபது நிமிஷம் சொன்னப்புறம்தான் கை தூக்கவே ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் வெளிநாட்டு பிள்ளைங்களோட வீடியோ கால், எங்க பிள்ளைங்களுக்கும் கேள்வி இருந்துச்சு, நோட்டுல எழுதிக்கூட வச்சிருந்தாங்க, ஆனா ஒருத்தரும் வாய் திறக்கல.

அதனால உங்க பத்திரிகை மூலமா தமிழ்நாட்டு பல்கலைக்கழகங்களுக்கு என் கோரிக்கை இதுதான். இதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம், கம்ப்யூட்டர் ரூமும் சொல்லித் தர நாலு பேரும் போதும். வருஷத்துல ஒரு சனிக்கிழமை அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்குன்னே ஒதுக்குங்க, பாடமும் ஒர்க் ஷீட்டும் தமிழ்ல குடுங்க, வீடியோ கால்ல பிள்ளைங்க தமிழ்ல கேட்டா அதை மொழிபெயர்த்துச் சொல்ல ஒருத்தரை பக்கத்துல உக்கார வைங்க. பஸ் செலவை கல்வித்துறை பாத்துக்கணும், அன்னைக்கு டீச்சர் கைக்காசு போட்டுத்தான் கூட்டிட்டுப் போனாங்க.

இப்படிக்கு,
ஒரு மாணவியோட அப்பா,
போடிநாயக்கனூர்.