பூனை வார்டு நர்ஸ் அக்காவுக்கும் உடன் நின்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள அக்கா,

சிறுநீரகம் பழுதான பூனைக்குத் தோலுக்கடியில் டிரிப் ஏற்றுவதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று எங்கள் பெரம்பூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அலைவது அதோடு நின்றது. வெறும் நன்றியாக இல்லாமல் உங்கள் பாடத்தையும் இங்கே எழுதிவைக்கிறோம். அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்து அளவு எழுதித் தந்த பிறகுதான் எதுவும். நாலு கிலோ பூனைக்குப் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 100 மி.லி. அளவில் வரும். இதய நோயும் இருந்தால் கணக்கே வேறு. மருந்துக் கடையில் ‘டிரிப் பாட்டில்’ என்று மட்டும் கேட்டால் டெக்ஸ்ட்ரோஸ் கைக்கு வந்துவிடலாம். அந்தச் சர்க்கரைத் திரவம் தோலுக்கடியில் எரியும், சீழ் பிடிக்கவும் இடம் கொடுக்கும். அதனால் ரிங்கர் லாக்டேட் என்று லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தணும். குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும்போது விழும் சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. குளிர்ந்த திரவம் ஏறுவதால்தான் பல பூனைகள் எழுந்து ஓடுகின்றன. பழி ஊசி மேல் விழுகிறது.

ஊசியை மெல்லிசாக வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிமனாகும். 18 கேஜ், ரோஸ் நிறத் தலை உள்ளது, பார்க்கப் பயமாக இருந்தாலும் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். 21 கேஜ் பச்சைத் தலையில் நேரம் இழுக்கும், பூனையின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, ஊசியின் சாய்ந்த வாய் மேலே இருக்க, முதுகுக்கு இணையாக உள்ளே விடணும். ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. சொட்டு நின்றால் நுனி எங்கோ முட்டுகிறது. லேசாகப் பின்னே இழுத்தோ திருப்பியோ விட்டால் போதும்.

முடிந்ததும் முதுகில் திமில் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். முன்னங்கால் பக்கம் சரிந்து தொங்கினாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அடுத்த முறை ஏற்றும் நாள் வரை வடியாவிட்டால் மேலே ஏற்றாமல் ஃபோன் செய்யணும். தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு விட்டால் ஃபோன்கூட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

இவற்றைப் புத்தகத்திலும் படித்துவிடலாம். பூனையைப் பிடிக்கிற விதம் உங்களிடம்தான் கிடைத்தது. பிடரியைக் கொத்தாகப் பிடித்து அமுக்கும் பழக்கத்தை விடச் சொன்னீர்கள். கூடையின் மேல்பாதியைக் கழற்றிவிட்டு, பூனை அடிப்பாதியிலேயே உட்கார்ந்திருக்க, துண்டைச் சுற்றிப் பின்பக்கமாக நின்று வேலை பார்ப்பீர்கள். ரத்த அழுத்தம் எடுக்கும் முன் ஐந்து, பத்து நிமிடம் சும்மா விடுவீர்கள். பயத்தில் ஏறிய எண் நோயாகப் பதிவாகிவிடக் கூடாதே!

உங்கள் வீட்டுப் பூனைகளுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். கறுப்புக் கிழவியே ஒரு சிறுநீரக நோயாளி. அவளுக்கு ஏற்றும் நாளில் யார் வந்து வேடிக்கை பார்த்தாலும் மீன் பேஸ்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். செவலைப் பையன் நேர்மாறு. அவனுக்கு டிரிப் செட் ஒத்துவராது என்று இறக்கையும் மெல்லிய குழாயும் உள்ள பட்டர்ஃபிளை ஊசியும் 50 மி.லி. சிரிஞ்சுமாக மாற்றிக்கொண்டீர்கள். முரட்டுப் பூனை வளர்ப்பவர்களுக்கு அவன்தான் பெரிய ஆறுதல்.

அளவை எழுதித் தந்து, எடை குறைந்தால் மாற்றியும் தரும் டாக்டருக்கு நன்றி. லேபிளை நம்மிடம் காட்டிவிட்டுப் பை கட்டும் மருந்துக் கடை அண்ணனுக்கும், அவசர ராத்திரிகளில் கூடையோடு ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர்களுக்கும் நன்றி. நாம் மூடி போட்ட கெட்டி டப்பாவில் சேர்த்துத் தரும் பழைய ஊசிகளை முகம் சுளிக்காமல் வாங்கி, மருத்துவக் கழிவோடு அனுப்பும் கிளினிக் ஊழியர்களுக்கும் நன்றி.

இப்படிக்கு,
பெரம்பூர் பூனை வளர்ப்போர்