300 மி.லி. என்று விற்ற டம்ளரில் 260தான் பிடிக்கிறது: கண்ணாடி டம்ளர் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
வீட்டிலிருந்து மெழுகுவர்த்தி செய்து விற்கும் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
கண்ணாடி டம்ளர் மொத்த விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: மாதிரிக்கு அனுப்பிய டம்ளர் ஒன்று, மொத்தமாக அனுப்பிய டம்ளர் வேறு – பணத்தைத் திருப்பித் தருவது அல்லது சரக்கை மாற்றித் தருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

செப்டம்பர் கடைசியில் உங்களிடம் 144 கண்ணாடி டம்ளரும் அதற்குரிய மூங்கில் மூடிகளும் வாங்கினேன். உங்கள் விலைப்பட்டியலில் அதற்குப் பெயர் ‘மெழுகுவர்த்தி டம்ளர், 300 மி.லி.’ வந்த சரக்கில் அளவு குறைகிறது, நீங்களே விற்ற மூடி அதற்குள் இறங்கவில்லை, மெழுகு ஊற்றினால் தூரில், அதாவது அடிப்பாகத்தில், விரிசல் விடுகிறது. வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் பதில் சொல்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் எழுத்தில் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

முதலில் இந்த டம்ளரை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ‘வேறு டம்ளரில் ஊத்திக்கோங்க மேடம்’ என்று உங்கள் ஊழியர் சுலபமாகச் சொல்லிவிட்டார். மெழுகுவர்த்தித் தொழிலில் டம்ளரை மாற்றினால் திரியிலிருந்து எல்லாமே மாறும்.

எங்கள் பக்கம் மெழுகுவர்த்திக்கு இரண்டு பருவம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அப்புறம் கிறிஸ்துமஸ். கல்லறைத் தோட்டத்தில் சாயங்காலம் காற்றடிக்கும், ஐப்பசி மழைத்தூறலும் இருக்கும். சாதாரண மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பினால் அணைந்திருக்கும். கண்ணாடிக்குள் இருந்தால் நின்று எரியும். கிறிஸ்துமஸுக்கு வாசனை மெழுகுவர்த்தியாகப் பரிசு கொடுக்க வாங்குகிறார்கள். எரிந்து முடிந்ததும் டம்ளரைக் கழுவி அடுக்களையில் வைத்துக்கொள்வார்கள். டம்ளர் லட்சணமாக இருந்தால்தான் கடையில் கை அதன்மேல் போகும், உள்ளே இருக்கும் மெழுகை அதற்குப் பிறகுதான் மோந்து பார்ப்பார்கள்.

மற்றதையும் பார்க்காமல் இல்லை. காருகுறிச்சி மண் கிண்ணம் அழகு, விலையும் மலிவு, ஆனால் உட்புறம் பூச்சு இல்லாவிட்டால் மெழுகும் வாசனை எண்ணெயும் மண்ணில் ஊறி வெளியே கசியும். தகர டப்பா உடையாது, லாரியில் அனுப்பக் கவலையே இல்லை. ஆனால் எரியும்போது அடி கொதிக்கும், அலங்கார மேஜையில் அப்படியே வைக்க முடியாது. தேங்காய்ச் சிரட்டை பார்க்க நன்றாக இருக்கும், தீப்பிடிக்கும் பொருளுக்குள் தீயை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் கண்ணாடிதான் என்று முடிவு செய்தேன்.

உங்கள் மாதிரி டம்ளர்களை ஒன்று 55 ரூபாய் வீதம் வாங்கிப் பார்த்தேன். அளவு பார்க்கும் முறை எளிது. காலி டம்ளரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, மெழுகு எந்த மட்டம் வரை நிற்குமோ அதுவரை தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. நான் ஊற்றும் சோயா மெழுகு தண்ணீரைவிட லேசு, ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 0.9 கிராம்தான். மாதிரி டம்ளரில் விளிம்பு வரை 300 மில்லி, விளிம்பிலிருந்து ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் விட்டு 225 மில்லி. அதாவது 200 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மெழுகு. உள்விட்டம் 74 மில்லிமீட்டர். இதை வைத்துத்தான் திரியின் தடிமனைத் தேர்ந்தெடுத்தேன், எரித்துப் பார்த்தேன், ‘நிகர எடை 200 கிராம்’ என்று லேபிளும் அச்சடித்தேன்.

பார்சல் வந்த அன்று பிரித்து அடுக்கியது எங்கள் மதினி. கையில் எடுத்ததுமே, “இந்தத் தடவ தூரு கனமா இருக்கே, பாத்தியா?” என்றார். கையில் தூக்கிப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. தராசில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு வரை தளும்ப ஊற்றினாலும் 260 மில்லிதான். மெழுகு மட்டத்துக்கு 192. மெழுகாக 173 கிராம். வெளியே பார்த்தால் அதே உயரம், அதே அகலம், உள்ளே மட்டும் சுவரும் தூரும் தடித்துப் போயிருக்கின்றன. உள்விட்டம் 70 மில்லிமீட்டர்.

“ஒரு பத்து இருபது மில்லி முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும் மேடம்” என்று பதில் வந்தது. 40 மில்லி குறைகிறதே என்றேன், அதற்குப் பதில் இல்லை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011-ன்படி பொட்டலத்தின்மேல் நிகர எடையை எழுத வேண்டும், எழுதியபடி உள்ளே இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட சிறு வித்தியாசம் என்று ஒன்று உண்டு, ஆனால் 200 கிராமில் 27 கிராம் குறைவது அதற்குள் அடங்காது. ஆய்வாளர் வந்து நிறுத்துப் பார்த்தால் அபராதம் என் பெயரில்தான் வரும், லேபிளில் இருப்பது என் முகவரி.

திரி விஷயமும் இதனோடு சேர்ந்ததுதான். 74 மில்லிமீட்டருக்குப் பொருந்தும் திரியை 70-ல் நட்டால் சுடர் பெரிதாகும், புகை பிடிக்கும், கண்ணாடி அளவுக்கு மீறிச் சூடாகும். மூங்கில் மூடியைப் பற்றி என்ன எழுத? மூடியின் அடியில் ரப்பர் வளையம் இருக்கும் பாகம் டம்ளரின் வாய்க்குள் இறங்க வேண்டும். மாதிரியில் கச்சிதமாக இறங்கியது. இப்போது மேலே உட்கார்ந்து ஆடுகிறது. இரண்டையும் விற்றது நீங்கள்தான், ஒரே பில்லில்.

இதையெல்லாம்விட எனக்குப் பயமாக இருப்பது விரிசல். பார்சலைப் பிரிக்கும்போதே 9 டம்ளர் உடைந்திருந்தது. நீங்கள் கேட்கும் வீடியோவும் எடுத்து அன்றே அனுப்பிவிட்டேன், அதில் தகராறு இல்லை. லாரியில் வரும் கண்ணாடியில் ஒன்றிரண்டு போவது எனக்கும் தெரியும். அளவு குறைவென்று தெரிந்த பிறகும், சின்ன எடையில் வேறு லேபிள் ஒட்டியாவது விற்கலாமா என்று பார்க்க 30 டம்ளரில் ஊற்றினேன். டம்ளர்களை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கிவிட்டு, 60 டிகிரிக்கு இறங்கிய மெழுகைத்தான் ஊற்றினேன். அது நாம் குடிக்கும் காப்பியின் சூட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. அதிலேயே 6 டம்ளரில் தூரும் சுவரும் சேரும் மடிப்பில், நகம் கீறியதுபோல அரைவட்டமாக விரிசல் ஓடியது. ஒன்றில் ஊற்றும்போது ஒன்றும் தெரியவில்லை, மெழுகு இறுகிய பிறகு ‘டிக்’ என்று சத்தம் கேட்டது.

கண்ணாடியை வார்த்த பிறகு சூளையில் வைத்து மெதுவாக ஆற விடவேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவசரமாக ஆற்றினால் வெளிப்பக்கம் முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். தடித்த இடமும் மெல்லிய இடமும் சந்திக்கும் இடத்தில்தான் அது வேலையைக் காட்டும். உங்கள் புதிய டம்ளரின் தூர் சரியாக அப்படிப்பட்ட இடம். மெழுகு ஊற்றும்போது தெரிந்தால் நஷ்டத்தோடு போகும். யாரோ ஒரு வீட்டில் பாதி எரிந்த பிறகு, சுடர் அடியை நெருங்கும் நேரத்தில் தூர் கழன்றால், உருகிய மெழுகு மேஜையில் ஓடும், அதன் பின்னாலேயே தீயும் ஓடும். அதனால் மீதி எதிலும் மெழுகு ஊற்றவில்லை, ஊற்றியதில் ஒன்றுகூட விற்கவும் இல்லை.

இதற்கு உங்கள் பதில், “அது ஜூஸ் டம்ளர் மேடம், சூடு தாங்காது.” பட்டியலிலும் பில்லிலும் ‘மெழுகுவர்த்தி டம்ளர்’ என்று இருக்கிறது. ஜூஸ் டம்ளருக்கு மெழுகுவர்த்தி என்று பெயர் வைத்தது நான் இல்லை.

இனி பணக் கணக்கு. உங்கள் பட்டியலில் 48 டம்ளருக்குள் எடுத்தால் ஒன்று 55 ரூபாய், அதற்கு மேல் எடுத்தால் 48 ரூபாய், 144 எடுத்தால் 42 ரூபாய். 42-க்காகத்தான் 144 எடுத்தேன். ஆனால் 42 என்பது காகிதத்தில்தான். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 49.56. என் வியாபாரம் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் எல்லைக்கு ரொம்பக் கீழே, அதனால் அந்த வரியை நான் எங்கும் கழித்துக்கொள்ள முடியாது, செலவுதான். மூடி வரியோடு 15. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை லாரி ஆபீஸில் சரக்கை எடுக்கும்போது கட்டிய 1,152 ரூபாயைப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 8. ஆக ஒரு டம்ளர் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர 72 ரூபாய் 56 காசு. நூற்றுக்குப் பத்து வீணானால் மிஞ்சியது ஒவ்வொன்றும் 80 ரூபாய்க்கு மேல். உள்ளே ஊற்றும் மெழுகும் வாசனையும் சேர்த்தே 75 ரூபாய்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். திரி, லேபிள், அட்டைப்பெட்டிக்கு இன்னொரு 27. 349 ரூபாய் விலை போட்டால் கடைக்காரர் 30 சதவீதம் எடுத்துக்கொண்டு 244 தருவார். மீதி 69 ரூபாயில்தான் கேஸ், கரண்ட், மதினிக்குக் கூலி, என் உழைப்பு எல்லாம். டம்ளரில் ஓட்டை விழுந்தால் இந்த 69-ல்தான் விழும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பில் தொகை 9,297 ரூபாயும் லாரி வாடகை 1,152 ரூபாயும், மொத்தம் 10,449 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அல்லது மாதிரியில் வந்த அதே வார்ப்பில், விளிம்பு வரை 300 மில்லி பிடிக்கும் 144 டம்ளரைப் பொருந்தும் மூடியோடு, லாரி வாடகையை நீங்களே கட்டி நவம்பர் 20-க்குள் அனுப்புங்கள். கல்லறைத் திருநாள் வியாபாரம் போய்விட்டது, அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. கிறிஸ்துமஸாவது கையில் நிற்க வேண்டும். இந்தப் பழைய சரக்கு அப்படியே அட்டைப்பெட்டியில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். அடுத்த தவணையில் 200 ரூபாய் தள்ளுபடி என்று சொன்னீர்களே, அது எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் உங்கள் ஊழியர் சொன்னார்: “நீங்க பிசினஸ் பண்றவங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது.” நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ஐ அவருக்கு எடுத்துக் காட்டுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று அந்தச் சட்டம் தள்ளுவதில்லை. வழக்கை நான் குடியிருக்கும் ஊரிலேயே, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம், சென்னைக்கு வர வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அதற்கு முன்னால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்வேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் இரண்டும் நடக்கும்.

பில் நகல், லாரி ரசீது, பார்சல் பிரித்த வீடியோ உள்ள பென் டிரைவ், இரண்டு டம்ளரையும் தராசில் வைத்து எடுத்த படங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு எல்லாம் இதனுடன் இணைத்திருக்கிறேன். விரிசல் விட்ட டம்ளர் ஒன்றையும் தனிப் பார்சலில் அனுப்புகிறேன், மெழுகோடு அப்படியே. பிரிக்கும்போது கையைக் கீறிக்கொள்ளாமல் பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

பதிலைக் கையெழுத்தோடு கடிதமாக அனுப்புங்கள். ‘பார்க்கிறோம் மேடம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வரியைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.