பழைய ஆம்புலன்ஸ், சவ ஊர்தி மீட்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் மூத்த ஓட்டுநர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி மாதம் ஒருமுறை கூடியது. ஐப்பசி மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறிவிட்டதால் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. சந்தா பாக்கி, கரண்ட் பில், வெல்டிங் கேஸ் செலவெல்லாம் பொருளாளர் வாசிக்கும் கணக்கில் வரும்; நான் அதற்குள் போகவில்லை. இந்த ஆண்டு நம்மைப் பிடித்து ஆட்டியது ஒரே கேள்விதான்: எது ஒரிஜினல்? அறிக்கையில் பெரும்பகுதி அதற்கே போகும், பொறுத்துக்கொள்ளவும்.

உச்சிப்புளி கொட்டகையில் நிற்கும் மெட்டடாரை எல்லாருக்கும் தெரியும். முதலில் சாதாரண வேன், அப்புறம் ஆம்புலன்ஸ், கடைசியில் சொர்க்க ரதம் என்று மூன்று வேலை பார்த்த வண்டி. புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன்: பஜாஜ் டெம்போ கம்பெனி ஜெர்மன் டெம்போவின் வடிவத்தை வைத்துச் செய்த இந்த வண்டிக்கு இழுவை முன்சக்கரத்தில். எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் கிடையாது. அதனால் தளம் தாழ்வாகவும் சமமாகவும் கிடக்கும். ஸ்ட்ரெச்சரைத் தோள் உயரத்துக்குத் தூக்கி ஏற்றும் பாடில்லை. ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ் என்றாலே மெட்டடார் என்று இருந்ததற்கு இந்தத் தாழ்ந்த தளம் பெரிய காரணம். சவப்பெட்டி ஏற்றவும் அதே தளம்தான் தோதாக இருந்தது. 2008-ல் 108 சேவை வந்தபின் ஊர்ப் பொது ஆம்புலன்ஸ்களுக்குச் சவாரி குறைந்தது. நின்று துருப்பிடிப்பதற்குப் பதில் பக்கவாட்டுத் தகட்டை வெட்டி அகலக் கண்ணாடி மாட்டி, உள்ளே ஃப்ரீசர் பாக்ஸுக்கு இடம் செய்து, கூரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரதமாக்கிவிட்டார்கள்.

நம் டிங்கர் அண்ணன் வலப்பக்கத் தகட்டில் வேலையை ஆரம்பித்தார். அவருடைய முதல் கருவி சின்னக் காந்தம். தகட்டின் மேல் அதை நகர்த்திக்கொண்டே போவார். பிடி தளர்ந்த இடத்தில், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி உள்ளே கனமாக இருக்கிறது என்று அர்த்தம். சக்கர வளைவுக்கு மேலே காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. அங்கே இருந்தது தகடே இல்லை, விரல் கனத்துக்குப் பட்டிதான். மற்ற இடங்களில் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தார். மேலே ரதத்தின் ஊதா, அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே மங்கிய சந்தன நிறம். வெள்ளையில் ஒரு சிவப்புச் சிலுவை தெரிந்தது. அதன் பக்கத்தில், அளவுகோல் வைக்காமல் கையால் எழுதிய நான்கு இலக்கப் போன் நம்பர். பெயின்டர் கடைசி எண்ணை இடம் போதாமல் கொஞ்சம் நெருக்கி எழுதியிருந்தார். அன்றைக்கு அந்தத் தகட்டைப் பார்க்க வராத உறுப்பினர் இல்லை.

சண்டையும் அன்றைக்கே தொடங்கியது.

ஒரு தரப்பு சொன்னது: வெட்டிய ஜன்னலை அடைத்து, வெள்ளை அடித்து, சிலுவை போட்டு, முழு ஆம்புலன்ஸாக நிறுத்த வேண்டும். இன்னொரு தரப்பு, ஆம்புலன்ஸும் ஒரிஜினல் இல்லையே, கம்பெனியிலிருந்து வந்தது சந்தன நிற வேன்தானே, அதுவரைக்கும் போவோமே என்றது. மூன்றாவது தரப்பில் பெரும்பாலும் ஓட்டுநர்கள். தொண்டியிலிருந்து வரும் பாய் ஒருவர் சொன்னதை நிகழ்ச்சிக் குறிப்பிலிருந்து அப்படியே வாசிக்கிறேன்: “ஏண்ணே, இந்த வண்டியில உயிரோட போனவங்களும் உண்டு, மையத்தாப் போனவங்களும் உண்டு. ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணை அழிக்க நாம யாரு?”

கத்தாரில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் அமெரிக்க வழக்கத்தைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு அனுப்பியிருந்தார். 1970-கள் வரை அங்கே பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களே சவ அடக்கம் செய்து தரும் கடைக்காரர்கள்தானாம். காலையில் ஆம்புலன்ஸ், மாலையில் சவ ஊர்தி என்று இரண்டுக்கும் ஆகிற மாதிரி ஒரே காரைக் கட்டியிருக்கிறார்கள். தளத்தில் பெட்டியை உருட்டும் உருளைகளைப் புரட்டிப் போட்டால் ஸ்ட்ரெச்சருக்குச் சமதளம் கிடைத்துவிடும். கூரை விளக்கைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். கெடிலாக் கம்பெனி நீளமான சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, மட்டும் கொடுக்க, ஒஹையோ மாநிலத்தில் மில்லர்-மீட்டியர், சுப்பீரியர் போன்ற பட்டறைகள் பாடி கட்டின. இப்படிப்பட்ட வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கென்று 1976-லேயே அங்கே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். நாம்தான் உலகத்தில் முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த சிலருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

அந்தக் குறிப்பில் நமக்கு உதவியது பாடி கட்டும் விஷயம். நம் பக்கத்திலும் சேஸிஸ் ஒரு கம்பெனி, பாடி கரூரிலோ வேறெங்கோ ஒரு பட்டறை என்பதுதான் பழைய நடைமுறை. ஒரே பட்டறையில் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு பாடிகளின் ஜன்னல் உயரம்கூட ஒன்றாக இருக்காது. மேஸ்திரி அன்றைக்குக் கையில் இருந்த தகட்டை வெட்டியிருப்பார். கம்பெனி வரைபடம் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. அப்படியிருக்க, நம் ஊர்ப் பட்டறைக்காரர் ரதத்துக்காக வெட்டிய ஜன்னலை மட்டும் எப்படிக் கலப்படம் என்று தள்ளுவது? அவரும் பாடி கட்டியவர்தான். அவர் போட்ட ரிவெட் வரிசை முதல் பட்டறையின் வரிசையைவிட நேராக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு பெரும்பான்மையாக முடிவானது: மெட்டடார் ரதமாகவே நிற்கும். துருவரித்த இடங்களை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைப்போம். தேய்த்து வெளியே வந்த வலப்பக்கப் பகுதியைத் திரும்ப மூடாமல், மூன்று நிறமும் தெரியும்படி நிறமில்லாத கிளியர் லேக்கர் அடித்து விட்டுவிடுவோம். செயலாளர் என்ற முறையில் நான் ஓட்டுப் போடவில்லை. கேட்டால், என் கட்சியும் அதுதான். கடைசியாகச் செய்த வேலையின் கோலத்தில் ஒரு வண்டி நிற்பதில் எந்தப் பொய்யும் இல்லை.

சிலுவை விஷயத்தில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை எல்லாவற்றிலும் சிவப்புச் சிலுவையைப் பார்த்துப் பழகிவிட்டதால் அது மருத்துவத்துக்குப் பொது அடையாளம் என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1960-ம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி அனுமதியில்லாமல் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது. ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் உரியது அது. ஊர் ஊராக ஓடிய பழைய ஆம்புலன்ஸ்களில் எத்தனை முறையான அனுமதியோடு அதைப் போட்டுக்கொண்டன என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆக, ஒரிஜினல்படி செய்கிறோம் என்று புதிதாகச் சிலுவை வரைந்தால், பழைய தப்பை நாம் புதுப் பெயின்டில் செய்ததாகும். பழைய சிலுவை கொட்டகைக்குள் திறந்திருக்கட்டும், வண்டி ரோட்டுக்கு வரும்போது மேலே வெள்ளைக் காந்தத் தகடு ஒட்டி மறைப்போம் என்று முடிவு. பட்டி இல்லாத இடம் என்பதால் காந்தம் நன்றாகவே பிடிக்கிறது. கூரையின் சுழல் விளக்கையும் அப்படியே வைத்திருக்கிறோம், ஒயரைத் துண்டித்தாயிற்று. இப்போது அது அவசர ஊர்தி இல்லை, விளக்குப் போட நமக்கு உரிமையும் இல்லை.

அடுத்தது அம்பாசடர் எஸ்டேட். கதை சுருக்கம்தான். பின்பக்கத்தை நீட்டிச் சவ ஊர்தியாக்கிய கார். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு எப்போதோ மெட்டடார் டீசல் எஞ்சினை ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்து டாக்சிக்காரர்கள் பலர் செய்த வேலைதான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு வாங்கலாம். நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். நம் காருக்கு வயது சரியாக இருக்கிறது. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும் என்கிறது விதி. இரண்டிலும் இடிக்கிறது. பழைய எஞ்சினைத் தேடி மாற்றி, பின்பக்கத்தை வெட்டித் திரும்பக் கார் ஆக்கினால் பதிவு கிடைக்க வாய்ப்புண்டு. அப்போது நம்மிடம் நல்ல அம்பாசடர் ஒன்று இருக்கும், சவ ஊர்தி இருக்காது. பதிவு வேண்டாம், டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவோம் என்று குழு சொல்லிவிட்டது. ஏற்றிக்கொண்டு போனபோது தேவிபட்டினம் முக்கில் டீக்கடைக்காரர் எழுந்து நின்று, “எந்த ஊர்க் கேதம் தம்பி?” என்று கேட்டதையும் பதிவு செய்கிறேன்.

மூன்றாவது, தங்கச்சிமடம் பக்கத்துத் தேவாலயப் பங்கு ஒன்றிலிருந்து வந்த கைவண்டி. எஞ்சின் இல்லாததை ஏன் எடுத்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். தேக்குச் சட்டம், நான்கு பக்கமும் கண்ணாடி, இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரம். சவ ஊர்தி என்றால் நம் கடற்கரையில் முதலில் இதுதான். அடித்தளச் சட்டத்தின் ஒரு முனை உளுத்துப்போயிருந்தது. முழுச் சட்டத்தையும் மாற்றுவதென்று நாம் இருந்தோம். மண்டபத்திலிருந்து வந்த படகு ஆசாரி வேண்டாம் என்றார். உளுத்த முனையை மட்டும் நீளச் சரிவாக வெட்டி, அதே சரிவில் புதுத் தேக்கைப் பொருத்தி, செப்பு ஆணி அடித்து முடித்தார். படகில் பலகை நீட்டுகிற அதே முறை. புது மரத்துக்குச் சாயம் பூசிப் பழசாகக் காட்டவா என்று நம் ஆள் கேட்டதற்கு, “எதுக்கு? ஒட்டு போட்டது தெரியட்டும், நாளைக்குப் பாக்குறவன் நம்பணும்ல” என்றார். ஆண்டு முழுக்க நாம் பேசியதை ஆசாரி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்த வண்டி காட்சிக்கு வைக்க அல்ல. பங்கு மக்கள் அதை அடக்கத்துக்குத் திரும்பப் பயன்படுத்தப் போகிறார்கள். சிமென்ட் ரோட்டில் இரும்புப் பட்டை கடகடவென்று சத்தம் போடுகிறது, ரப்பர் சக்கரம் மாட்டித் தாருங்கள் என்று இளைஞர்கள் கேட்டார்கள். வயதான அம்மா ஒருவர் அதை ஒப்பவில்லை. அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஒவ்வொரு வீட்டிலும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்களாம். இரும்புப் பட்டையையே வைத்துக் கொடுத்தோம்.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றும் சரி கச்சானும் சரி, வருவது உப்போடுதான். மதுரையில் இருபது வருடம் நிற்கிற தகடு இங்கே அதில் பாதிகூடத் தாங்காது என்பது பட்டறைக்காரர்களின் பேச்சு. ஆகவே ஒரிஜினல் என்பதில் ஒரு விட்டுக்கொடுப்பு செய்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இடங்களில், அதாவது கதவின் உட்புறம், தளத்தின் அடி, பெட்டிச் சட்டங்களின் உள்ளே, துருத் தடுக்கும் எப்பாக்ஸி பிரைமரும் மெழுகும். பழைய வேலையில் இவை கிடையாது, இருந்தாலும் போடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பழைய மாதிரி எனாமல்தான். இப்போதைய பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட்டின் பளபளப்பு வேண்டாம். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பட்டியால் அடைக்கும் பழக்கத்தை இன்னும் சிலர் விடவில்லை. தயவுசெய்து விடவும். கொட்டகை போர்த் தண்ணீரில் வண்டி கழுவவே கூடாது, அதுவும் உப்புதான். காவிரிக் குடிநீர் வரும் நாளில் டிரம்மில் பிடித்து வைத்துக் கழுவ ஏற்பாடு செய்திருந்தோம். குடிக்கிற தண்ணீரில் வண்டி கழுவுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது நியாயமே. ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

கழற்றிய எதையும் பழைய இரும்புக்குப் போடக் கூடாது என்ற தீர்மானம் போன ஆண்டே போட்டது. இந்த ஆண்டுதான் ஓரளவு கடைப்பிடித்தோம். எந்த வண்டி, எந்த இடம், ஏன் கழற்றியது என்று அட்டை கட்டி மேல்தட்டில் அடுக்கியிருக்கிறது. புதிதாக வைக்கும் தகட்டின் உட்புறத்தில் ஆண்டைப் பஞ்ச் அடிக்கிறோம். இதைச் சடங்கு என்று கிண்டல் செய்கிறவர்கள், மெட்டடாரின் டிரைவர் பக்கக் கதவு எந்தக் காலத்தது என்று தெரியாமல் நாம் திண்டாடியதை நினைத்துக்கொள்ளட்டும்.

வரும் ஆண்டு வேலைக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை உடைப்புக்குப் போகின்றன. பழைய ஆம்புலன்ஸ் எங்காவது ஓரத்தில் நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கே கொட்டகைக்குச் சொல்லவும். வண்டி கிடைக்காவிட்டாலும் உட்புறத்தைப் படமெடுத்து, அளவெடுத்து வைக்கலாம். சென்னையில் கட்டிய ஸ்டாண்டர்டு 20 வேன் ஒன்றைத் தேடுகிறோம். மெட்டடாருக்குப் பின்கதவுக் கைப்பிடி ஒன்றும், மேல் கொண்டி இரண்டும் தேவை. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கத்து உறுப்பினர்கள் ஜமாஅத்துப் பழைய போட்டோக்களில் ஆம்புலன்ஸ் நிற்கும் படம் இருந்தால் நகல் எடுத்துத் தரவும். அதில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைவிட, பின்னால் கதவு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சந்தாவைக் கூட்டம் முடிவதற்குள் கட்டினால் ரசீது இன்றே கிடைக்கும். அடுத்து பொருளாளர் கணக்கு வாசிப்பார். அதன்பின் நிர்வாகிகள் தேர்தல்.

இங்ஙனம்,
செயலாளர்