மகளிர் பிரிவுச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் ஐயாவுக்கும், வந்திருக்கும் பெரியவர்களுக்கும், சகோதரிகளுக்கும் வணக்கம்.

பொங்கல், ஆடிக்கூழ், நவராத்திரி மூன்றும் குறைவில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் வாசிப்பார். கோலப் போட்டித் தகராறு பேசித் தீர்ந்துவிட்டது, அதைக் கிளற வேண்டாம்.

விரிவாகச் சொல்ல வேண்டியது சயாலே எனப்படும் பர்மிய பௌத்தப் பெண் துறவிகளின் மடத்துக்கு அரிசி கொடுத்த வேலையைத்தான். இளஞ்சிவப்பு அங்கியும், தலையில் மடித்துப் போட்ட துண்டுமாக வரிசையில் வருகிறவர்களை யாங்கோனில் பார்க்காதவர் யார்? பொங்கிகள், அதாவது ஆண் பிக்குகள், சமைத்த சோறு வாங்குவார்கள். சயாலேக்கள் வாங்குவது சமைக்காத அரிசியும் கொஞ்சம் காசும். உலை வைப்பது அவர்களேதான். “சாம்பார் சாதம் கொண்டுபோவோமே” என்று சிலர் கேட்டார்கள். நண்பகலுக்கு மேல் அவர்கள் சாப்பிடுவதில்லை. நாம் கோயில் பூசை முடித்துப் போவதற்குள் அந்த நேரம் தாண்டிவிடும். அதனால் அரிசி, பருப்பு, கடலை எண்ணெய், வெங்காயம் என்று மூட்டையாகவே கொடுத்தோம். பெரிய சயாலே மூட்டை வாயை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, “பழைய அரிசி, நிறையச் சோறு காணும்” என்றார்.

பொங்கி மடம் என்றால் நம் ஆட்களும் ஓடி ஓடிக் கொடுக்கிறார்கள். முழுத் தீட்சை பெற்ற பெண் துறவிகளான பிக்குணிகளின் பரம்பரை இங்கே எப்போதோ அற்றுப்போனதால், எட்டு அல்லது பத்து சீலம் (ஒழுக்க விரதம்) எடுத்தாலும் சயாலேக்களை முழுத் துறவிகளாக எண்ணுவதில்லை. அவர்களுக்குக் கொடுத்தால் புண்ணியம் மட்டு என்று ஒரு நினைப்பு. எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. பாலி மொழி மறைநூல்களில் நடக்கும் தர்மாசாரியத் தேர்வில் தேறியவர்களும் அவர்களில் உண்டு. மலைநாட்டில் சண்டைக்குப் பயந்து வந்த சிறுமிகளுக்குச் சோறும் படிப்பும் கொடுப்பதும் அவர்கள்தான்.

மார்ச் 28இல் 7.7 அளவு நிலநடுக்கம் வந்ததும் சகாயிங் பக்கம் பல மடங்கள் இடிந்தன. அங்கிருந்து சிலர் நம் பக்கத்து மடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அப்புறம் அரிசியோடு கொசுவலையும் பாயும் கொடுத்தோம்.

திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டு லீவில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் சிலர் தலை மழித்துச் சில நாள் சயாலேயாக இருந்தார்கள். பாட்டிமார்தான் அழுதார்கள், பிள்ளைகள் அழவில்லை.

வரும் மழைக்கால நோன்புக்கு, பர்மிய வாசோ மாதம் முதல் தடிஞ்சுட் மாதம் வரை மாதாமாதம் அரிசி கொடுக்கக் கமிட்டி சம்மதித்திருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். மூட்டை தூக்க ஆண்களும் வரவேண்டும். இந்த வருடம் தூக்கியது முழுக்க நாங்கள்தான்.

இப்படிக்கு,
செயலாளர், மகளிர் பிரிவு