எத்தன் கடவுளல்ல, சிப்பாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யர், உக்ரைனியர் போன்ற ஸ்லாவிய இனத்தாரின் தொன்மங்களை வைத்து எழுதப்படும் மாயப் புனைவுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று பல நாள் ஏங்கியவள் நான். ஆனால் ஒரு இடத்தில் என் மனம் ஒப்பவில்லை. வேலெஸ் 'ஸ்லாவியரின் எத்தன் கடவுள்' என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். இன்றைய நாவல்களில் அப்படித்தான் வருகிறார். பழைய ஏடுகளில் அப்படி இல்லை.

கீவ் நாட்டார் பைசாந்தியப் பேரரசோடு (கிழக்கு ரோமப் பேரரசு) 971-இல் செய்த உடன்படிக்கையில், இடிக் கடவுள் பெரூன் மீதும் 'கால்நடைத் தெய்வம்' வோலொஸ் மீதும் ஆணையிட்டதாக அவர்களின் பழைய வரலாற்று ஏடு சொல்கிறது. இந்த வோலொஸைத்தான் வேலெஸ் என்கிறோம். வேலெஸ் பெரூனின் மாடுகளைக் கவர்ந்துகொண்டு மரத்தடியிலும் பாறையடியிலும் ஒளிந்து திரியும் கதை, இவானோவ், தொப்போரோவ் என்ற இரு அறிஞர்கள் சடங்குகளிலிருந்தும் வாய்மொழி மரபுகளிலிருந்தும் கோத்தெடுத்து 1974-இல் நூலாக வெளியிட்ட ஊகம். அழகான ஊகம்தான். அதை ஊகம் என்றே சொல்லியிருக்கலாம்.

அந்த மண்ணின் எத்தர்கள் வானத்தில் இல்லை. காட்டுக்குள் லேஷி என்ற வன ஆவி இருக்கிறான். மரங்களுக்கு நடுவே மர உயரம், காட்டோரப் புல்வெளிக்கு வந்தால் புல் உயரம். அங்கியை இடம் வலம் மாற்றிப் போர்த்தியிருப்பான். வலக்கால் செருப்பு இடக்காலில் கிடக்கும். அவன் வழி மறக்கடித்தால் நீங்களும் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும், செருப்பைக் கால் மாற்றிப் போட வேண்டும். பாதை தெரிந்துவிடும். ஏமாற்றுக்காரனை ஏமாற்ற அவன் கோலத்தையே நாம் பூண வேண்டும் என்பது எவ்வளவு நுட்பமான எண்ணம்!

எனக்கு அவனைவிடவும் நெருக்கமானவன் கிழட்டுச் சிப்பாய். 25 ஆண்டு படையில் உழைத்துவிட்டு மூன்று காய்ந்த ரொட்டித் துண்டோடு ஊர் திரும்புகிறவன். இது கதைக்காகச் சொன்ன கணக்கு இல்லை. ரஷ்யப் படையில் 1793 வரை ஆயுள் முழுக்கச் சேவை. அதன் பிறகு 25 ஆண்டாகக் குறைத்தார்கள். அந்தச் சிப்பாய்தான் மரணத்தையே சாக்குக்குள் புகவைத்து முடிச்சுப் போடுகிறான். அந்தக் கதை இடம்பெற்ற, ரஷ்ய நாட்டார் கதைகளைத் திரட்டிய அஃபனாசியேவின் தொகுப்பு 1859-இல் வந்தது. மறுபதிப்புக்குத் தணிக்கை தடை போட்டது.

பசித்தவனின் ஆயுதம் தந்திரம். கோடரிக் கஞ்சிக் கதையைப் போன வாரம் பேத்திக்குச் சொன்னேன். கஞ்சக் கிழவியின் வீட்டில் சிப்பாய் கோடரியை வேகவைக்கிறான். "நல்லா வருது, உப்பு மட்டும் இருந்தா..." என்கிறான். அடுத்து ஒரு பிடி நொய், அப்புறம் வெண்ணெய். கிழவி ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுக்கிறாள். பேத்தி பானைக்குள் எட்டிப் பார்ப்பவள்போலக் கழுத்தை நீட்டி, "கோடரியை எப்போ தின்பாங்க பாட்டி?" என்றாள். கிழவி கேட்டதும் அதைத்தான். "அது இன்னும் வேகலை, போற வழியில வேகவெச்சுக்கிறேன்" என்று கோடரியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறோம். ரஷ்ய மூலத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து, மாதம் ஒரு சிப்பாய்க் கதையாவது தங்கள் இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்