வைகாசிக் கல்யாணமும் முந்நூறு டம்ளரும்

அம்பாசமுத்திரம்,
பங்குனி 18.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. செலவையும் குப்பையையும் குறைத்துக் கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று நீ கேட்டிருந்தது தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடியது அல்ல என்பதால்தான் பதில் எழுதத் தாமதமாயிற்று. எங்கள் வீட்டிலும் வைகாசியில் சின்னவளுக்குக் கல்யாணம். நகையும் துணிமணியும் நீங்கலாக இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், மறுநாள் ஊருக்கு ஒரு வண்டிக் குப்பையை விட்டுவிட்டு வரக்கூடாது என்று இரண்டு தீர்மானங்களோடு தொடங்கினோம். நோட்டை எடுத்து வரவு செலவு எழுத உட்கார்ந்த பிறகுதான், குப்பையாகப் போவதையெல்லாம் நாம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்பதும், ஒன்றைக் குறைத்தால் மற்றது தானாகவே குறைந்துவிடும் என்பதும் எனக்கு விளங்கின.

2018-இல் மூத்தவன் கல்யாணத்துக்கு நீ வந்திருந்தாய். மறுநாள் காலையில் நான் பார்த்ததை உன்னிடம் சொன்னதில்லை. மறந்து வைத்த குத்துவிளக்கை எடுக்க மண்டபத்துக்குப் போனேன். பின்கட்டில், கை கழுவும் தொட்டியை ஒட்டி, முந்தின நாள் இலைகள் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கை வைக்காத சோறு, கடிக்காத ஜாங்கிரி, பாயசம் ஊறிய காகிதக் கப்புகள், பாதித் தண்ணீரோடு மூடி திருகிய பாட்டில்கள், எல்லாவற்றுக்கும் மேலே மேசையில் விரித்த பிளாஸ்டிக் தாள். இரண்டு மாடுகள் இலையோடு சேர்த்து அந்தத் தாளையும் இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. ஒன்றின் வாயிலிருந்து தாளைப் பிடுங்கப் பார்த்தேன். அது தலையை உதறிவிட்டு விழுங்கிவிட்டது. 800 பேரை அழைத்து 1,000 பேருக்குச் சமைத்திருந்தோம். வந்தவர்கள் 650 பேர் இருப்பார்கள். அந்தக் கல்யாணக் கடனை அடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த மாட்டின் முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நீ அனுப்பியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்தேன். விதைக் காகித அழைப்பிதழ், மூங்கில் மேடை, மரக்கரண்டி, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு மரக்கன்று என்று மொத்தமாகப் பொறுப்பெடுத்துச் செய்பவர்கள் கேட்கும் தொகையில், எங்கள் கல்யாணத்தை இரண்டு முறை நடத்திவிடலாம். அவர்களுடைய எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேவையில்லாத ஒன்றை வாழைநாரில் செய்தாலும் அது தேவையில்லாததுதான். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டிய கன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, வெயிலில் இரண்டு பேருந்து மாறி வீட்டுக்குப் போகிறவர் அதை எங்கே நடுவார்? அந்தப் பணத்தில் பத்தே பத்துக் கன்றுகளை வாங்கி, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் நட்டால் பிழைக்கும்.

சாப்பாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செலவில் பெரிய பங்கும் அதுதான், வீணாவதில் பெரிய பங்கும் அதுதான். இந்த முறை 350 பேர் என்று நிறுத்திக்கொண்டோம். பெயர்களை எழுதி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். முதலில் கூச்சமாக இருந்தது. கேட்டதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தவசிப்பிள்ளைக்கு, அதாவது சமையல்காரருக்கு, எழுபது வயதிருக்கும். 21 வகை வேண்டாம், அவியல், கூட்டு, பொரியல், பச்சடி, அப்பளம், ஒரு பாயசம், ஒரு இனிப்பு, சாம்பார், ரசம், மோர் என்று போதும் என்றேன். தட்டாமல் ஒப்புக்கொண்டு, தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: "முதல் பந்தி இலையைப் பார்க்காம மூணாம் பந்திக்கு அரிசி களைய மாட்டேன், அம்மா." சாப்பிட்டு எழுந்தவுடன் இலைகளை எடுக்கவிடாமல், வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முறை நடந்து பார்ப்பாராம். சோறு மிஞ்சியிருந்தால் முதல் தடவை பரிமாறும் கரண்டியை மாற்றுவார். கூட்டு மிஞ்சியிருந்தால் அடுத்த பந்திக்குக் கேட்டுத்தான் வைக்கச் சொல்வார். ஒரே உலையில் மொத்தமாக வடித்துக் கொட்டுவதில்லை. பந்திக்குப் பந்தி வடிக்கிறார். இதற்குச் சமையற்கட்டில் கூடுதலாக ஒரு ஆள் கூலி கேட்டார். மிச்சமாகும் அரிசிக்கும் காய்கறிக்கும் முன்னால் அந்தக் கூலி ஒன்றுமேயில்லை. பரிமாறுவதற்கு எங்கள் பிள்ளைகளே நிற்கிறார்கள். இலையில் இருப்பவருடைய முகம் தெரிந்தவர் பரிமாறினால், "போதும்" என்றதும் கை நின்றுவிடும்.

வாழையிலையைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்த இலைகளுக்கு மட்டும் முன்கூட்டியே இடம் பார்த்துவிடு. பக்கத்துத் தோப்புக்காரர் குழி வெட்டித் தருகிறார். காகிதமோ கப்போ ஒன்றுகூடக் கலந்திருக்கக்கூடாது என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை.

அதனால்தான் டம்ளர் பேச்சு வந்தது. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லாததால் இன்றும் இலைக்கு ஒன்றாக வந்து உட்காருகிறது. இரண்டு வேளைக்கு 700 பாட்டில்கள் ஆகும் என்று கணக்குப் போட்டதும், தெருவில் பன்னிரண்டு குடும்பங்களைக் கூட்டிப் பேசினேன். ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு 300 எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கிவிட்டோம். எங்கள் அம்மா காலத்தில் அண்டாவும் வாளியும் ஊருக்குப் பொதுவில் இருந்தன. அந்த வழக்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது போலாயிற்று. போன மாதம் எதிர்வீட்டு வளைகாப்புக்குப் போய், கழுவித் துடைத்து, எண்ணிக்கை குறையாமல் திரும்பி வந்தன. டம்ளர் கழுவுவதற்கென்றே இரண்டு பெண்களைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறோம். இந்தச் செலவை மறந்துவிடாதே. மறந்தால் கடைசி நேரத்தில் யாராவது காகிதக் கப் வாங்க ஓடுவார்கள்.

வந்தவர்களை வரவேற்கக் குளிர்பானம் கிடையாது. வைகாசி பதநீர்க் காலம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரை, விடிந்ததும் பனையேறியே கொண்டுவந்து ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மடித்த ஓலையில் வாய் வைத்துக் குடிக்கும்போது பச்சை ஓலையின் மணமும் சேர்ந்து வரும் அல்லவா, அதை மாப்பிள்ளை வீட்டுக் குழந்தைகள் ஒரு முறையாவது அறிய வேண்டும் என்று எனக்கு ஆசை. உனக்கு ஆவணியில் இது கிடைக்காது. பானகம் கரைத்து வைத்துவிடு.

தாலி கட்டுவது முருகன் கோயிலில், சாப்பாடு சமுதாய நலக்கூடத்தில். கோயில் அலுவலகத்தில் வயதுச் சான்றும், இருவருக்கும் இதுவே முதல் திருமணம் என்பதற்கான சான்றும் கேட்டார்கள். நீயும் முன்னதாகவே விசாரித்து வாங்கி வைத்துக்கொள். உங்கள் தோப்பிலேயே பந்தல் போடும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தாய். உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால், மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. முன்பே சொல்லிவிட்டால் வண்டியும் நேரத்துக்கு வரும்.

அலங்காரத்துக்குத் தெர்மாகோல் இல்லை, பிளெக்ஸ் இல்லை. வாசலில் குலை தள்ளிய வாழை, குருத்தோலைத் தோரணம், மாவிலை. பூ தோவாளைச் சந்தையிலிருந்து வருகிறது. முகூர்த்த நாளில் பிச்சிப்பூ விலை எங்கோ போய்விடும் என்பதால் மாலைக்கும் தலைக்கும் மட்டும் அது, மற்றதெல்லாம் பச்சை இலைகளும் அரளியும். ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் செலவழித்தேன். பத்தமடையில் மணமக்கள் பெயரை நெய்து பாய் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் கல்யாணப் பாய் ஓரம் மட்டும் நைந்து இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது; கோடையில் அதில் படுத்தால் முதுகு குளிர்ந்துவிடும். சின்னவள் உடுத்தப்போவதும் அம்மாவின் கூறைப்புடவைதான். கரை பிரிந்த இடத்தை நெசவு தெரிந்த ஒருவர் தைத்துக் கொடுத்துவிட்டார்.

அழைப்பிதழ் 100 மட்டும், ஒரே நிறத்தில், பளபளப்புப் பூச்சு இல்லாமல். பெரியவர்களுக்கு நேரில் கொடுக்கவும், 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்யும்போது காட்டவும் அது வேண்டும். மற்றவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தாம்பூலத்துக்கு மகளிர் குழுவில் மஞ்சப்பை தைக்கக் கொடுத்தாயிற்று. பையில் மணமக்கள் பெயரை அச்சிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெயர் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போக எல்லோரும் தயங்குகிறார்கள். வெறும் மஞ்சப்பை நைந்து கிழியும் வரை உழைக்கும்.

மறுவீட்டு விருந்தில் வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்குச் சீர்த்தட்டுத் தேங்காய்களையே பால் எடுத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தியம்மா சொன்னார். அவர் அப்படிச் சொன்ன அன்றுதான் எனக்கு முழுத் தைரியம் வந்தது. எங்கள் மதினி மட்டும், "ஊர் என்ன சொல்லும்?" என்று இன்னும் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்று பரிமாறும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறேன். இப்போது தினமும் டம்ளரை எண்ணிப் பார்க்கிறார்கள்.

நீ கார் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். திருநெல்வேலியில் இறங்கிச் செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினால் எங்கள் ஊரிலேயே இறங்கலாம். நிலையத்துக்கு நானே வருகிறேன். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. விடுதி நாட்களில் பொங்கலுக்குக் குருத்தோலையில் கிளி பின்னிக் கதவில் தொங்கவிடுவாயே, அந்தத் தோரணம் பின்ன இங்கே வேறு யாருக்கும் கை வராது. அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. முதல் பந்தி எழுந்ததும் தவசிப்பிள்ளையோடு அவளும் ஒரு முறை நடந்து அந்த இலைகளைப் பார்க்கட்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி.