உன் இயந்திரத்துக்கு எங்கள் எழுத்து தெரியுமா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்ல சுகம். மழை இன்னும் விட்டபாடில்லை. கரண்ட் வரும் நேரம் பார்த்து அம்மா சோறு வைக்கிறாள். நம் தெருக்காரர் ஒருவர் சிங்கப்பூருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. இந்த விஷயத்தைப் பாதியில் விட எனக்கு மனமில்லை.

போன வாரம் நீ கோபமாகப் பேசினாய். ஐரோப்பாவில் செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள், ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் எங்களைப் போல அதைச் செய்கிறவர்களுக்கு விதி எழுதுகிறார்கள், கம்பெனிகளை அதன் போக்கில் விட்டால் தவறை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்றாய். நான் வாய் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அன்றிலிருந்து கடையில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கோபம் எனக்குப் புரியாதது இல்லை. அரசாங்கம் கம்ப்யூட்டருக்குப் போடும் சட்டம் எப்படி இருக்கும் என்று உன்னைவிட நான்தான் அதிகம் பார்த்தவன். 1996-ல் நீ பிறக்கக்கூட இல்லை. அந்த வருஷம் இங்கே பர்மாவில் வந்த கம்ப்யூட்டர் சட்டத்தில், அனுமதியில்லாமல் மோடம் (கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் கருவி) வைத்திருந்தால் 7 முதல் 15 ஆண்டு வரை சிறை. நம் கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு மோடம் அட்டை இருந்தது. நாங்கள் அதை ஒரு நாளும் போன் லைனில் மாட்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீசும் அடிக்கிற கடைக்கு அது எதற்கு? இருந்தாலும் ஒரு ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அப்பத்தாவின் அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். அதே 1996-ல் லியோ நிக்கல்ஸ் என்பவர், சில ஐரோப்பிய நாடுகளுக்குக் கௌரவத் தூதராக இருந்தவர், அனுமதியில்லாமல் பேக்ஸ் இயந்திரம் வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போய்க் காவலிலேயே இறந்தார். அந்தச் செய்தி ரங்கூன் முழுக்க வாய்வழியாகப் பரவியிருந்தது. அரிசி அளக்கும்போதெல்லாம் அப்பத்தாவின் கை நடுங்கும். அதனால் 'சட்டம்' என்று நீ முகம் சுளிக்கும்போது அந்த அரிசி டின்தான் என் கண் முன்னால் வருகிறது.

இப்போதும் அதே கதைதான். 2021 பிப்ரவரி 1-ம் தேதி, ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று, விடியற்காலை நான் எழுந்தபோது போனில் சிக்னல் இல்லை. '2.0' படத்தில் ஊரில் உள்ள செல்போன் எல்லாம் கையை விட்டுப் பறந்துபோகும், ஞாபகம் இருக்கிறதா? இங்கே போன் கையிலேயே இருந்தது, அதன் உயிர் மட்டும் போய்விட்டது. அந்த வாரமே பேஸ்புக்கை மூடினார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ராத்திரி 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையத்தை நிறுத்தினார்கள். 2025 ஜனவரி 1-ம் தேதி வந்த சைபர் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வி.பி.என். (தடையைத் தாண்டி இணையத்துக்குள் போக வழி தருவது) சேவை நடத்துகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை. உன்னிடம் வீடியோவில் பேச நாங்கள் எந்த வழியாக வருகிறோம் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் சில கேள்விகளுக்கு நான் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் கண்ணு, கம்பெனியை அதன் போக்கில் விட்டதையும் நாங்கள் பார்த்தோம். அதையும் நீ கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் இங்கே ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2014-ல் கத்தார் கம்பெனியும் நார்வே கம்பெனியும் வந்து இந்த நாட்டுப் பணத்தில் 1,500 கியாட்டுக்கு சிம் கொடுத்தார்கள். ரெண்டு மூணு வருஷத்தில் மீன்காரி முதல் சாமியார் வரை கையில் ஸ்மார்ட்போன். வாங்கும்போதே கடைக்காரன் பேஸ்புக் கணக்கும் திறந்து கொடுப்பான். இங்கே யாரும் 'இணையம்' என்று சொல்லவே இல்லை, பேஸ்புக் என்றால்தான் இணையம். அதே 2014 ஜூலையில் மாண்டலேயில், ஒரு டீக்கடை முதலாளி தன்னிடம் வேலை பார்த்த பெண்ணைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு பொய் பேஸ்புக்கில் பரவியது. முதலாளி முஸ்லிம், பெண் பௌத்தப் பெண். கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். பிறகுதான் அது பொய் என்று தெரிந்தது. அந்த வாரம் ரங்கூனில் நாங்களும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துத்தான் வியாபாரம் பார்த்தோம். கூட்டம் வரும்போது முகத்தையும் நிறத்தையும்தான் பார்க்கும். நம் கடையில் மாட்டியிருப்பது முருகன் படம் என்று உள்ளே வந்து பார்த்துவிட்டா கல் எறிவார்கள்?

2015 தொடக்கத்தில், இந்த நாட்டுப் பதிவுகளைப் பார்ப்பதற்கு பேஸ்புக்கில் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் இருந்தார்கள் என்று ராய்ட்டர்ஸ் பிறகு விசாரித்து எழுதியது. லட்சக்கணக்கான ஜனம் எழுதுவதை இரண்டு பேர் வாசிக்க முடியுமா? நம் கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கே இரண்டு பேர் புரூப் பார்ப்போம்.

எழுத்து என்று வந்துவிட்டால் நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள். உனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், கடையில் பாதிச் சண்டை பான்ட் சண்டைதான். சென்னையிலிருந்து ஒருவர் தமிழில் பைல் அனுப்புவார், இங்கே திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கும். பர்மிய எழுத்தில் அதைவிடப் பெரிய கூத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு எண் கொடுக்கும் முறையில், உலகத்துக்குப் பொதுவான யூனிகோடு ஒரு பக்கம், இங்கே எல்லா போனிலும் இருந்த ஜாஜி இன்னொரு பக்கம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே எண்கள் வேறு. மோன், ஷான், கரேன் மக்களின் எழுத்துக்கென்று யூனிகோடு ஒதுக்கி வைத்த இடங்களில் ஜாஜி பர்மிய எழுத்தின் வடிவங்களைப் போட்டுக்கொண்டது. அதனால் ஒரு ஷான்காரர் தன் மொழியில் எழுதினால் ஜாஜி போனில் வேறு என்னமோ தெரியும். 2019 அக்டோபர் 1-ம் தேதிதான் நாடே யூனிகோடுக்கு மாறுவது என்று அறிவித்தார்கள். அதுவரை கம்பெனியின் இயந்திரம் எங்கள் எழுத்தை எதை வைத்து வாசித்திருக்கும்?

எப்படி வாசித்தது என்று 2018 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் ஒரு உதாரணம் காட்டியது. 'மியான்மரில் கண்ணில் படுகிற கலாக்கள் எல்லோரையும் கொல்லுங்கள், ஒருத்தரையும் உயிரோடு விடாதீர்கள்' என்று ஒருவர் பர்மிய மொழியில் எழுதியிருந்தார். பேஸ்புக்கின் மொழிபெயர்ப்பு அதை 'மியான்மரில் எனக்கு வானவில் இருக்கக்கூடாது' என்று ஆங்கிலத்தில் காட்டியது. வானவில், கண்ணு! கலிபோர்னியாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அதில் என்ன தப்பு தெரியும்? 'கலா' என்ற வார்த்தை நம்மைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்களையும் முஸ்லிம்களையும் இழிவாகக் குறிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நீ அழுதுகொண்டே வந்த நாள்கள் எனக்கு மறக்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம் பேஸ்புக்கில் அந்த வார்த்தையை அடக்கப் பார்த்தார்கள். அப்போது என்ன ஆனது தெரியுமா? கடலைப்பருப்புக்கு இங்கே கலாபே, நாற்காலிக்கு கலாதாயிங், ஒட்டகத்துக்குக்கூட அந்த வார்த்தையில்தான் பெயர். பருப்பைப் பற்றி எழுதினவர்களின் பதிவெல்லாம் தடையில் மாட்டிக்கொண்டது. கொலை செய்யச் சொன்னவர் வேறு வார்த்தை போட்டு எழுதிக்கொண்டிருந்தார். ரங்கூன் சந்தையில் மூட்டை தூக்குகிற பையனைக் கேட்டிருந்தால்கூட, 'ஐயா, அப்படிச் செய்தால் பருப்பும் போய்விடும்' என்று சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

அந்த 2017 ஆகஸ்டிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள், ரக்கைன் பகுதி முஸ்லிம்கள், வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதைச் செய்தது துப்பாக்கியும் தீயும் வைத்திருந்தவர்கள். பேஸ்புக் தீ வைக்கவில்லை. ஆனால் சமூக ஊடகத்துக்கு அதில் தீர்மானமான பங்கு இருந்தது என்று ஐ.நா. விசாரணைக் குழுவின் தலைவர் சொன்னார். நாங்கள் போதுமானதைச் செய்யவில்லை என்று கம்பெனியே 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. நீ சொன்ன 'அவர்களே திருத்திக்கொள்வார்கள்' என்பது இதுதான். திருத்திக்கொண்டார்கள், பர்மிய மொழி தெரிந்தவர்களை நூறு பேர் அளவுக்குச் சேர்த்தார்கள். ஆனால் எப்போது?

இப்போது நம் படத்துக்கு வருகிறேன். 'எந்திரன்' டிவிடியை வீட்டில் எத்தனை தடவை போட்டிருப்போம்! சிட்டி ஒன்றுக்கு நூறாகப் பெருகும் இடம்தான் உனக்குப் பிடிக்கும். எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் மனதில் நிற்பது அந்தப் பரிசோதனைக் குழு. வசீகரன் தன் ரோபோவை அனுமதிக்குக் கொண்டுபோவான். குழுவில் இருக்கும் அவன் குரு போரா அதனிடம் வசீகரனையே குத்தச் சொல்வார், அதுவும் கத்தியை எடுத்துவிடும். அனுமதி கிடையாது. பார்க்கிற நமக்கு போரா மேல்தான் ஆத்திரம் வரும், ஏனென்றால் அவருக்கு உள்ளே வேறு கணக்கு இருக்கிறது, அந்த ரோபோவின் மூளையை அவரே அடையப் பார்க்கிறார். ஆனால் யோசித்துப் பார், அவர் வைத்த சோதனை சரியான சோதனைதானே? கத்தி உண்மையாகவே ஓங்கியதே! கெட்ட மனசுக்காரர் நல்ல கேள்வியைக் கேட்டார், நல்ல மனசுக்காரனான வசீகரன் அந்தக் கேள்வியை வீட்டிலேயே கேட்டுப் பார்க்காமல் வந்துவிட்டான்.

அதற்கப்புறம் அந்தத் தீ விபத்து. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் வந்து நிறுத்தும். அவள் கூச்சத்தில் ஓடி லாரியில் அடிபட்டுச் செத்துப்போவாள். ரோபோவுக்கு அவள் மேல் விரோதம் இல்லை, காப்பாற்றத்தான் போனது. அவளுடைய மானம் என்ன என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த மாதிரிப் படங்கள் எல்லாம் கடைசியில் இயந்திரத்துக்குக் கோபம் வந்துவிடும், ஆசை வந்துவிடும், அது உலகத்தைப் பிடித்துவிடும் என்று பயமுறுத்துகின்றன. நான் பார்த்தவரை இயந்திரத்துக்குக் கோபமே வேண்டியதில்லை. எதை ஜனம் அதிகம் பார்க்கிறதோ, அதிகம் பகிர்கிறதோ, அதை மேலே தூக்கி வை என்று ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தால் போதும். எங்கள் நாட்டில் அதிகம் பகிரப்பட்டது பயமும் வெறுப்பும். அந்தப் பெண்ணின் சாவு என்னை உலுக்குகிற அளவுக்கு நூறு சிட்டிகளின் சண்டை உலுக்கவில்லை.

அந்தக் குழுவில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார். எல்லாரும் விஞ்ஞானிகள். தீப்பிடித்த குடியிருப்பில் வாழ்கிற ஜனத்தில் ஒருவரைக்கூட உட்காரவைக்கவில்லை. ஒரு அம்மா உட்கார்ந்திருந்தால், 'தம்பி, பெண் பிள்ளை துணியில்லாமல் இருந்தால் உன் ரோபோ என்ன பண்ணும்?' என்று முதல் கேள்வியாகக் கேட்டிருப்பாள். அவளுக்கு புரோகிராம் எழுதத் தெரிய வேண்டுமா?

அதனால் நீ சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாக்காரர்கள் போட்ட சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, மிகப் பெரிய மீறலுக்கு 3.5 கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 7 சதவீதம் வரை அபராதம் என்று படித்தேன். அதில் குறை இருக்கலாம், உனக்குத்தான் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தைப் போட்டவர்களை அங்கே ஜனம் தேர்தலில் மாற்றலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம், பத்திரிகையில் திட்டி எழுதிவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். என் அரிசி டின் சட்டத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். இரண்டையும் 'அரசாங்கத் தலையீடு' என்று ஒரே பெயரில் நீ சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கிறது. ஒன்று கம்பெனியைக் கேள்வி கேட்கிறது. மற்றது நாங்கள் கேள்வி கேட்காமல் இருக்க வாயைக் கட்டுகிறது.

நல்ல சட்டமும் தன் எல்லையோடு நின்றுவிடும் என்பதும் உண்மைதான். 2014-ல் சிம் கொடுக்க வந்த நார்வே கம்பெனி டெலினார், அதில் நார்வே அரசுக்கே பெரும்பங்கு. ஒட்டுக்கேட்கும் கருவியைப் போடச் சொல்லி இங்கே நெருக்கினார்கள், அதைச் செய்ய முடியாது என்று காரணம் சொல்லி 2022 மார்ச்சில் விற்றுவிட்டுப் போனார்கள். கூடவே 1.8 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களும் கைமாறின. அதைத் தடுக்க வழி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. நீ யோசித்துப் பார்.

நீ செய்கிற வேலை, பதிவுகளில் ஆபத்தானது எது என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது என்றாய். பெருமையாக இருக்கிறது. உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அது எத்தனை மொழியில் வேலை செய்யும் என்று உன் கம்பெனி சொல்லிக்கொள்கிறதோ, அந்தப் பட்டியலை எடுத்துப் பார். ஒவ்வொரு மொழிக்கு நேரேயும், அதை வீட்டில் பேசி வளர்ந்தவர் எத்தனை பேர் வாசித்துச் சரிபார்த்தார்கள் என்று கேள். பர்மிய மொழிக்கு, ஷானுக்கு, ரக்கைனுக்கு, நம் தமிழுக்கும்தான். ஆள் இல்லாத மொழியை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல், அல்லது ஆள் போடச் சொல். மேலதிகாரி முகம் சுளித்தால், அப்பா புரூப் பார்க்காமல் ஒரு பத்திரிகைகூட வெளியே அனுப்பினதில்லை என்று சொல்.

இதைக் கொண்டுவருகிறவரிடம் ஒரு டப்பாவில் லப்பேயும் (ஊறவைத்த தேயிலை) பொரித்த பூண்டும் கொடுத்திருக்கிறேன். வறுத்த கலாபே தனிப் பொட்டலத்தில் இருக்கிறது, நமத்துப்போவதற்குள் தின்றுவிடு. எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை, அவர் திரும்பி வரும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
அப்பா
ரங்கூன்